ஆன்டெனா திருப்பிய பண்டிகைகள்

தமிழ்நாட்டில் நாற்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடிப் பண்டிகை நாள் டிவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு நிகழ்ச்சிகளில் அதிக நேரம் நிற்காது. நேராக மொட்டை மாடிக்குப் போய்விடும். யார் கம்பியைத் திருப்பினார்கள், யார் ஜன்னலருகே நின்று "இப்ப வருதா?" என்ற கேள்விக்குப் பதில் கத்தினார்கள், எந்த வீட்டில் தரையில் உட்கார இடம் கிடைத்தது என்பதெல்லாம் துல்லியமாக வரும். அன்றைக்கு என்ன படம் ஓடியது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

இந்த ஏக்கத்தை வயதானவர்களின் வழக்கமான புலம்பல் என்று ஒதுக்குவது தவறு. அந்த நினைவுகள் இப்படிப் பதிந்ததற்கு அளந்து சொல்லக்கூடிய காரணங்கள் இருக்கின்றன: கோபுரத்தின் உயரம், அலையின் நீளம், ஒளிபரப்பிய நேரம், கேசட்டில் அடங்கிய நிமிடங்கள். கிடைப்பது அரிதாகவும், கிடைக்கும் நேரம் ஊருக்கெல்லாம் ஒன்றாகவும், கிடைப்பதற்குக் கை வேலை தேவையாகவும் இருந்தது. மூன்றும் சேர்ந்தால் எந்தக் குழந்தைக்கும் மறக்காது.

எந்த ஊர், எந்தக் கோபுரம்

சென்னை தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது அது வானொலியோடு சேர்ந்த பிரிவு. 1976 ஏப்ரல் 1 முதல்தான் தூர்தர்ஷன் தனி அமைப்பானது. மாலையில் சில மணி நேரம், கறுப்பு வெள்ளை, ஒரே சேனல். கோபுரத்திலிருந்து நேர்க்கோட்டில் எட்டும் தூரம் வரைதான் படம் தெரியும். அந்தத் தூரத்துக்கு எளிய கணக்கு உண்டு. கோபுரத்தின் உயரம், வீட்டு ஆன்டெனாவின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். 150 மீட்டர் கோபுரமும் 10 மீட்டர் உயர ஆன்டெனாவும் என்றால் சுமார் 63 கிலோமீட்டர். செங்கல்பட்டில் படம் வந்தபோது திருச்சியில் டிவி என்பது பத்திரிகையில் படிக்கிற சமாச்சாரமாக இருந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி செயற்கைக்கோள் ஏவப்பட்டதும், 1984-இல் நாடெங்கும் குறைந்த சக்தி ஒளிபரப்பிகளை மளமளவென்று நிறுவினார்கள். ஒரு கட்டத்தில் ஏறக்குறைய நாளுக்கு ஒன்று. அவை 100 வாட் சக்தி கொண்டவை. ஊரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு எட்டும்.

தமிழ்நாட்டுக் குழந்தைகளின் நினைவு ஊருக்கு ஊர் பிரிவது இந்த இடத்தில்தான். அந்தச் சின்ன ஒளிபரப்பிகள் முதலில் வாங்கிக் கொடுத்தது டெல்லி நிகழ்ச்சிகளை. சென்னைப் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டும் தமிழ்ப் படமும் பார்த்த ஆண்டுகளில், மற்ற ஊர்ப் பிள்ளைகள் புரியாத இந்தியில் நாடகமும் விளம்பரமும் பார்த்து, பாட்டை மட்டும் மனப்பாடம் செய்தார்கள். இன்று ஒரே வயதுக்காரர்கள் இரண்டு பேர் சிறுவயது டிவியைப் பற்றிப் பேசும்போது ஒத்துப்போகாமல் இருந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: உங்களுக்கு எந்தக் கோபுரத்திலிருந்து வந்தது?

தென் மாவட்டக் கடலோரத்துக் கதை இன்னும் வேறு. இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. அதன் முதன்மை ஒளிபரப்பி, இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில் இருந்தது. மேலே சொன்ன கணக்கைப் போட்டால், 15 மீட்டர் ஆன்டெனாவுக்கு எட்டும் தூரம் சுமார் 220 கிலோமீட்டர். ராமேஸ்வரமும் தூத்துக்குடியும் அதைவிடத் தொலைவு. ஆனாலும் படம் வந்தது. கடல் மேல் ஈரக் காற்றும் அதற்கு மேல் வறண்ட வெப்பக் காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது, அலைகள் விண்ணுக்குப் போகாமல் கடலை ஒட்டி வளைந்து வரும். அதனால்தான் சில மாலைகளில் கண்ணாடி போலத் தெரிந்த படம் மறுநாள் ஒன்றுமில்லாமல் போனது. கம்பியைத் திருப்பியவர் மேல் குற்றமில்லை. அன்றைய காற்று அப்படி. தூர்தர்ஷன் வருவதற்கு முன்பே ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கத்து வீடுகளில் மிக உயரமான குழாய்களில் ஆன்டெனா நின்றதற்கு இதுதான் பின்னணி. பிறகு கொடைக்கானல் மலையில் உயர் சக்தி ஒளிபரப்பி வந்தது. ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம் தரையிலிருந்து கிடைத்துவிட்டால், அதே கணக்கின்படி 190 கிலோமீட்டரைத் தாண்டும். தென் மாவட்டங்களின் பெரும்பகுதிக்குப் படம் அங்கிருந்துதான். பல ஊர்களில் கம்பிகள் கிழக்கைப் பார்ப்பதை விட்டு மலையைப் பார்க்கத் திரும்பின.

மாடியில் நடந்த வேலை

அந்த ஆன்டெனா ஏன் அவ்வளவு பெரிது என்று இன்றைய பிள்ளைகள் கேட்பதுண்டு. அலைநீளம்தான் காரணம். பழைய விஎச்எஃப் ஒளிபரப்பின் கீழ்ப் பட்டை 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை. அதில் 4-ஆம் சேனலுக்கு 61 முதல் 68. நடுவில் எடுத்தால் அலையின் நீளம் சுமார் 4.65 மீட்டர். ஆன்டெனாவில் சிக்னலை வாங்கும் மடித்த கம்பி இதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 2.2 மீட்டர், அதாவது ஏழடிக்கும் மேல் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் நிற்கும் கம்பி கொஞ்சம் நீளம், முன்னால் வரிசையாக நிற்பவை கொஞ்சம் குட்டை. முன்பக்கம் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். பின்பக்கக் கம்பி எது என்று தெரியாமல் தலைகீழாக மாட்டி, படம் வரவில்லை என்று கடைக்காரரைத் திட்டிய வீடுகள் ஏராளம். மேல் பட்டைச் சேனல்களுக்கு, 174 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், முக்கால் மீட்டர்க் கம்பி போதும். அதனால் ஒரே மாடியில் பெரிதும் சிறிதுமாக இரண்டு ஆன்டெனா நின்றால் இரண்டு நிலையங்கள் வருகின்றன என்று தெருவிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

திருப்புவது எளிதாகத் தோன்றும். குழாயைப் பைப் ரெஞ்ச் போட்டு ஒரு கை அளவு திருப்பி, நின்று, கீழிருந்து பதில் வரும் வரை காத்திருந்து, மறுபடி திருப்ப வேண்டும். அவசரப்பட்டுத் தொடர்ந்து திருப்பினால் நல்ல இடத்தைக் கடந்து போய்விடும். பதில் சொல்பவர் மூன்று விஷயங்களைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தால் சிக்னல் போதவில்லை. படம் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருந்தால் செங்குத்து ஒத்திசைவு பிடிபடவில்லை. செட்டின் பின்னால் இருக்கும் வி-ஹோல்டு திருகைத் தொட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முகத்துக்கும் வலப்பக்கம் ஒரு நிழல் முகம் தெரிந்தால் சிக்னல் இருக்கிறது, ஆனால் இரண்டு வழியாக வருகிறது: ஒன்று நேராக, மற்றொன்று தண்ணீர்த் தொட்டியிலோ கட்டடத்திலோ பட்டுத் தாமதமாக. இந்தத் தாமதத்தைத் திரையிலேயே அளக்கலாம். 20 அங்குல செட்டில் படத்தின் அகலம் சுமார் 40 சென்டிமீட்டர். ஒரு கோட்டைத் திரை வரைய எடுக்கும் நேரம் 52 மைக்ரோ விநாடி. அலை 300 மீட்டர் சுற்றி வந்தால் ஒரு மைக்ரோ விநாடி தாமதம். நிழல் 8 மில்லிமீட்டர் தள்ளி விழும். நிழல் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், அலை ஏறக்குறைய 600 மீட்டர் சுற்றி வந்திருக்கிறது. இதற்கு உயரத்தைக் கூட்டுவது பல நேரம் உதவாது. கோபுரத்தை விட்டு ஐந்து பத்து டிகிரி விலக்கித் திருப்பி, எதிரொலி வரும் திசைக்கு ஆன்டெனாவின் செவிட்டுப் பக்கத்தைக் காட்டுவதுதான் வழி. "நேரா வெச்சா நிழல் வருது, கொஞ்சம் கோணலா வெச்சா நல்லாருக்கு" என்று அனுபவசாலிகள் சொன்னது சரியான பொறியியல்.

சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கியும் பயனில்லை என்ற குறையும் ஊரெங்கும் கேட்டது. பெரும்பாலும் அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். கேபிளில் இறங்கும்போதே சிக்னல் தேய்ந்து இரைச்சலோடு கலந்துவிடும். கீழே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். பூஸ்டரின் பெட்டி ஆன்டெனாவை ஒட்டி மேலேயும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் மட்டும் கீழேயும் இருக்க வேண்டும். ஒளிபரப்பி பக்கத்திலேயே இருக்கும் வீட்டில் பூஸ்டர் போட்டால் கெடுதல்தான். செட் திணறிப் படம் கறுத்துச் சுருளும்.

இதெல்லாம் தீபாவளியன்று ஏன் தப்பாமல் கெட்டது? ஐப்பசி மழை. அன்று பெரும்பாலான வீடுகளில் ஆன்டெனாவிலிருந்து இறங்கியது 300 ஓம் தட்டை ஒயர்: இரண்டு செம்புக் கம்பிகள், நடுவே பிளாஸ்டிக் பட்டை. இதில் சிக்னலின் ஒரு பகுதி கம்பிகளைச் சுற்றியுள்ள காற்றிலும் பிளாஸ்டிக்கிலுமாகப் பயணிக்கிறது. பட்டை நனைந்தால் இழப்பு பல மடங்கு கூடும். ஒயர் இரும்பு ஜன்னல் கம்பியையோ கைப்பிடிச் சுவரில் ஓடும் தண்ணீர்க் குழாயையோ தொட்டுக்கொண்டு இருந்தால் இன்னும் மோசம். ஆன்டெனாவின் அலுமினியமும் ஒயரின் செம்பும் சேரும் முனையில் ஈரம் படும்போது உப்புப் பூத்து இணைப்பே அறுந்துபோகும். கடலோர ஊர்களில் ஓராண்டு போதும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் முனையைச் சுரண்டி, புதிதாக முறுக்கி, மேலே மெழுகோ டேப்போ சுற்றிவைத்த வீட்டில் மட்டும் தீபாவளிப் படம் சுத்தமாகத் தெரிந்தது. மற்றவர்கள் அந்த வீட்டுக்குப் போனார்கள்.

பண்டிகைக் காலையில் இன்னொரு தொல்லை மிக்ஸி. வடைக்கு அரைக்கும்போது திரையில் குறுக்கே புள்ளிக் கோடுகள் ஓடும். மிக்ஸி மோட்டாரின் கார்பன் தொடர்ந்து சிறு பொறிகளை உண்டாக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ஒளிபரப்பு. கீழ்ப் பட்டைச் சேனல்களில் அந்த இரைச்சல் அதிகமாக விழும். தெருவில் மொபெட் போனாலும் இதே கதை. சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே நடந்த "கொஞ்சம் நிறுத்து, படம் முடியட்டும்" என்ற வாக்குவாதங்களுக்குக் காரணம் 60 மெகாஹெர்ட்ஸ்.

மின்னழுத்தம் குறைந்தால் படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவில் நிற்கும். ஸ்டெபிலைசரின் ரிலே "டக்" என்று மாறும் ஒலி அந்தத் தலைமுறைக்கு இன்னும் காதில் இருக்கிறது. பண்டிகை இரவில் தெருவே சீரியல் விளக்குப் போட்டதும் அது அடிக்கடி கேட்டது.

ஊருக்கே ஒரே கடிகாரம்

சொலிடேர், டயனோரா போன்ற சென்னைத் தயாரிப்பு செட்டுகள் மரப்பெட்டியோடு, இழுத்து மூடும் ஷட்டரும் பூட்டுமாக வந்தன. பூட்டைத் திறக்கும் நேரம் வீட்டுக்கு வீடு ஒன்றாகவே இருந்தது, ஏனென்றால் ஒளிபரப்பே அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலை ஒளியும் ஒலியும். ஞாயிறு மாலை தமிழ்ப் படம். அன்றாடம் வயலும் வாழ்வும், செய்தி, பிறகு டெல்லிக்குக் கைமாற்றம். நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்ல எதிரொலி. படத்தின் நடுவே அறுந்தால் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டை. அந்த அட்டை எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் எழுந்து போகவும் மாட்டார்கள். இன்று ஒரு வீடியோ நின்றால் விரல் அடுத்ததற்குப் போய்விடும். அன்று போவதற்கு அடுத்தது இல்லை.

தலைவர்கள் மறைந்தபோது வழக்கமான நிகழ்ச்சிகள் நின்று, நாள் கணக்கில் வீணையும் ஷெனாயும் கேட்டன. இந்திரா காந்தி மறைந்த 1984 அக்டோபர் இறுதியையும், 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்ததையும், ராஜீவ் காந்தி மறைந்த 1991 மே மாதத்தையும் அன்றைய குழந்தைகள் பலர் முதலில் டிவியின் வழியாகத்தான் துக்கமாக உணர்ந்தார்கள். விடுமுறை கிடைத்தது, டிவி இருந்தது, ஆனால் படம் இல்லை.

1987 ஜனவரி 25 அன்று தொடங்கிய ராமாயணத் தொடர் ஞாயிறு காலையையும் பூட்டியது. 78 வாரப் பகுதிகள், 1988 ஜூலை 31 வரை. அடுத்து 1988 அக்டோபர் 2 முதல் 94 பகுதிகளாக மகாபாரதம். மொழி இந்தி. கதை முன்பே தெரிந்ததால் தமிழ்நாட்டில் பாட்டிமார்கள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். திரையில் பாத்திரம் பேசி முடிப்பதற்கு முன்பே அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தொடர்களைப் பற்றிய நினைவில் நடிகர்களின் குரலுக்குப் பதில் வீட்டுப் பெரியவர் ஒருவரின் குரல் ஒட்டியிருப்பது இதனால்தான். 2020 மார்ச் 28 முதல் ஊரடங்கில் ராமாயணத்தையே தூர்தர்ஷன் மறுபடி போட்டபோது பார்த்தவர் கூட்டம் மிகப் பெரிது. எல்லோரும் வீட்டில், எல்லோருக்கும் ஒரே நேரம், வெளியே போக வழியில்லை. பழைய நிலைமை கொஞ்ச நாளைக்குத் திரும்பி வந்திருந்தது.

டிவி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள் என்பது இந்த வரலாற்றில் கட்டாயம் வர வேண்டும். பஞ்சாயத்து டிவி அறை, பணக்காரர் வீட்டு ஜன்னல், நாலணா எட்டணா வாங்கிக்கொண்டு உள்ளே விட்ட வீடு. யார் பாயில் உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதைச் சாதியும் காசும் முடிவு செய்த ஊர்கள் உண்டு. அந்த நினைவு இனிப்பாக மட்டும் இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. 2006-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைப் பற்றி எத்தனை விமர்சனம் வந்தாலும், அடுத்த வீட்டு ஜன்னலில் குழந்தை நிற்கும் நிலையை அது பெருமளவு முடித்துவைத்தது. கூடிப் பார்த்த காலத்துக்கு ஏங்குகிறவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் தெருவில் பணம் வசூலித்து டெக்கும் (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) கலர் டிவியும் வாடகைக்கு எடுப்பது இன்னொரு வழக்கம். இரவு முழுக்க மூன்று படம். எந்தப் படம் முதலில் என்பதில்தான் சண்டை, ஏனென்றால் மூன்றாவது படத்துக்குக் குழந்தைகள் யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.

முதல் முறையாக

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. ராஜ், விஜய், ஜெயா என்று அடுத்த சில ஆண்டுகளில் சேனல்கள் பெருகின. கேபிள் வந்ததும் மாடி ஆன்டெனா காக்கை உட்காரும் கம்பியானது. பண்டிகை நாள் காலை முதல் இரவு வரை நிரம்பியது. நாதஸ்வரம், ஆன்மிக உரை, பட்டிமன்றம், நட்சத்திரப் பேட்டி, மதியம் ஒரு படம், மாலையில் பெரிய படம். சாலமன் பாப்பையா நடுவராக அமர்ந்த பட்டிமன்றம் காலை எண்ணெய்க் குளியலுக்கும் பலகாரத்துக்கும் இடையே பொருந்தியது. அது கண்ணால் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி இல்லை, அடுப்படியில் இருந்தே கேட்கலாம். அந்த நேரத்துக்குத் தோதான நிகழ்ச்சி அது. மாலைக்கு "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல் முறையாக" என்ற அறிவிப்போடு வரும் படம் வீட்டில் எல்லோரும் வேலை முடித்து உட்காரும் வேளைக்கு. கொள்கை காரணமாகப் பண்டிகையின் பெயரைச் சொல்லாமல் "விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்" என்று அறிவிக்கும் வழக்கமும் தமிழ் டிவிக்கே உரியது.

படம் ஏன் அவ்வளவு நேரம் ஓடியது? இன்றைய விதிப்படி மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. அந்த அளவுக்குள் நின்றாலும், 160 நிமிடப் படத்துக்கு 200 நிமிடம் வேண்டும். பழைய பண்டிகை மாலைகளில் இடைவேளைகள் இதைவிட நீளம். ஆறரைக்குத் தொடங்கிய படம் பத்தரையைத் தாண்டும். குழந்தைகள் பாதியில் தூங்கிவிட, உச்சக்கட்டம் பார்க்காத படங்கள் என்று ஒரு தலைமுறைக்கே தனிப் பட்டியல் உண்டு.

வீட்டில் பதிவு செய்தவர்களிடமும் உச்சக்கட்டம் இருக்காது. காரணம் கேசட்டின் நீளம். கடைகளில் கிடைத்த பரவலான விஎச்எஸ் கேசட் இ-180. சாதாரண வேகத்தில் சுமார் 180 நிமிடம். 200 நிமிட ஒளிபரப்பில் கடைசி 20 நிமிடம் வெளியே. இதைத் தெரிந்தவர்கள் விளம்பரம் வந்ததும் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தும் பாஸ் பொத்தானை அழுத்தினார்கள். அங்கேயும் ஒரு சிக்கல். பாஸில் நாடா நிற்க, நாடாவில் பதியவும் படிக்கவும் செய்யும் தலைப்பகுதி உருளை அதே இடத்தில் சுழன்று தேய்க்கும். நாடா கெடாமல் இருக்க, ஐந்து நிமிடம் போல ஆனதும் டெக் தானாகவே நின்றுவிடும். விளம்பரம் ஏழு நிமிடம் ஓடினால், திரும்பி வந்து பாஸை விடுவித்தவருக்குப் பதிவு நின்றுபோனது தெரியாது. பழைய கேசட்டுகளில் பாட்டு பாதியில் வெட்டுப்பட்டு அடுத்த காட்சிக்குத் தாவுவதற்கு இதுதான் பொதுவான காரணம். இன்று யாரும் படத்துக்காக அந்தக் கேசட்டைத் தேடுவதில்லை. படம் இணையத்தில் இருக்கிறது. தேடுவது விளம்பரத்தையும், அறிவிப்பாளர் முகத்தையும், அடுத்து வருவது என்ன என்று சொன்ன அட்டையையும். பாஸ் போட்டு வெட்டியெறிந்ததும் அவற்றைத்தான்.

நினைவு செய்யும் வேலை

பத்து வயது முதல் முப்பது வயது வரை நடந்தவை பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்பது நினைவு ஆய்வில் உறுதியான முடிவுகளில் ஒன்று. ஆனால் மறுபடி மறுபடி நடந்த ஒன்று தனித்தனியாகப் பதிவதில்லை. பத்துத் தீபாவளி சேர்ந்து ஒரு தீபாவளி ஆகிவிடும். அதனால்தான் தூர்தர்ஷன் இசையும், கேபிள் பட்டிமன்றமும், டெக்கில் பார்த்த படமும் ஒரே நாளில் நடந்ததாக ஞாபகம் வருகிறது. கறுப்பு வெள்ளை செட்டில் பார்த்ததைக் கலரில் பார்த்ததாகச் சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை; பின்னால் பார்த்த கலர் பிரதி முந்தையதின் மேல் படிந்துவிட்டது. ஆண்டைத் தீர்மானிக்க வேண்டுமானால் நிகழ்ச்சியைப் பிடிக்காமல் கருவியைப் பிடிக்க வேண்டும். ஆன்டெனாவா கேபிளா, ஷட்டர் செட்டா ரிமோட் செட்டா, எந்த வாடகை வீடு, யார் உயிரோடு இருந்தார் என்று கேட்டால் இரண்டு மூன்று ஆண்டுக்குள் வந்துவிடலாம்.

இசை மட்டும் கலங்குவதில்லை. பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய்க் கலைஞர் அலி அகமது உசேன் கானும் உருவாக்கிய தூர்தர்ஷன் முகப்பிசையைக் கேட்டதும் அன்றைய கூடமே எழுந்து வருகிறது என்று பலர் சொல்வது மிகையில்லை. ஒலி மாறாமல், அதே வேளையில், ஆண்டுக்கணக்கில் கேட்டது.

மிச்சத்தைக் காப்பாற்ற

நிலையங்களின் காப்பகத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நம்பக் கூடாது. பதிவு நாடா விலை அதிகம் என்பதால் ஒளிபரப்பானதை அழித்து அதிலேயே அடுத்ததைப் பதிந்த காலம் அது. பல நிகழ்ச்சிகளுக்கு வீட்டுப் பரணில் கிடக்கும் கேசட்டே ஒரே பிரதியாக இருக்கலாம்.

பரணிலிருந்து எடுத்ததும் டெக்கில் போடாதீர்கள். கேசட்டின் ஜன்னல் வழியே சுருளின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் நாடா கிழியலாம், டெக்கின் தலை அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். அப்படிப்பட்டதைத் தனிப் பையில் கட்டி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருப்பதை முதலில் கடைசி வரை முன்னே ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள்; பல ஆண்டு ஒரே பக்கம் இறுகிக் கிடந்த நாடா தளர்ந்து சீராகும். ஒட்டிக்கொண்டு திணறினால் உடனே நிறுத்துங்கள்.

டெக், நம் நாட்டு ஒளிபரப்பு முறையான பால் (PAL) முறையில் ஓடுவதாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த சில டெக்குகள் அமெரிக்க முறையை மட்டும் ஏற்கும். தலையைத் துடைக்க 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் நார் உதிராத மான்தோல் துண்டும் வேண்டும். துண்டை உருளையில் அசையாமல் பிடித்து, உருளையை மட்டும் கையால் மெல்லச் சுழற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் தலை உடையும். பஞ்சுக் குச்சியின் நார் தலையில் சிக்கும்.

மலிவான யுஎஸ்பி கருவிகளில் அடிக்கடி வரும் கோளாறு, போகப் போகப் பேச்சும் உதடும் பொருந்தாமல் விலகுவது. பழைய நாடாவின் நேர ஒழுங்கு குலைந்திருப்பதால் கருவி சில படச் சட்டங்களைத் தவறவிடுகிறது. வீட்டில் பழைய டிவிடி ரெக்கார்டர் இருந்தால், டெக்கின் வெளியீட்டை அதன் வழியாகச் செலுத்திப் பிறகு கணினிக்குக் கொடுங்கள். பல ரெக்கார்டர்கள் சிக்னலைச் சீராக்கித்தான் வெளியே விடும். 720க்கு 576 அளவில், விநாடிக்கு 25 சட்டம் என்றே பதியுங்கள். டிவி (DV) என்ற டிஜிட்டல் வீடியோ வடிவக் கோப்பு மணிக்குச் சுமார் 13 ஜிபி. ஒரு இ-180 கேசட்டுக்கு 40 ஜிபி ஒதுக்கினால் போதும். பகிர்வதற்குத் தனியாகச் சின்னப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அகலத் திரைக்கு இழுத்து முகங்களைத் தட்டையாக்காமல் 4:3 விகிதத்தை அப்படியே விடுங்கள்.

கேசட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் பதிவு செய்யுங்கள். கல்யாண வீடியோவுக்குப் பிறகு மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் யாரோ பொங்கலன்று பாட்டு பிடித்திருப்பார்கள். படம் தொடங்குவதற்கு முன் அரை நிமிடம் அறிவிப்பாளர் பேசியிருப்பார். கேசட் உறையில் எழுதியிருப்பதையும் போட்டோ எடுத்து அதே கோப்புறையில் வையுங்கள். தேதி அதில்தான் இருக்கும். தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒளிபரப்பிகளைப் பெரும்பாலும் 2022-ஐ ஒட்டி நிறுத்திவிட்டது. டெக் தயாரிப்பு 2016-லேயே முடிந்தது. ஓடுகிற டெக் கையில் இருக்கும்போதே, மற்றவர் வீட்டுக் கேசட்டையும் கேட்டு வாங்கிப் பதிந்து வைப்பது நல்லது.